பன்னிரண்டாவது கேள்வி

கற்பகம் மிஸ் புகையிலைப் பாடம் நடத்துகிற நாளில் கல்லூரி வாட்ச்மேன்கூட பீடிக்கட்டை டார்ச் லைட்டின் பின்மூடிக்குள் ஒளித்து வைத்துவிடுவார் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். கொஞ்சம் மிகைதான். முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை அவரைக் கேட் வாசலிலேயே நிறுத்தி, முப்பது பிள்ளைகள் பார்க்க, அவருடைய நுரையீரல் இப்போது என்ன நிறத்தில் இருக்கும் என்று அவள் விளக்கியிருக்கிறாள். மனுஷன் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

வண்டன்மேட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற அந்த நர்சிங் கல்லூரியில் அவள் பதினான்கு வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். மற்றப் பாடங்களை எல்லாரையும் போல புத்தகத்தைப் பார்த்துத்தான் நடத்துவாள். இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தன் அப்பா சங்கையாவின் போட்டோவை மேசைமேல் வைப்பாள். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர், ஒரு நாளைக்கு மூன்று கட்டு பீடி. ஐம்பத்திரண்டு வயதில், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே செத்துப்போனார். நிகோட்டின் மூளைக்குப் போய்ச் சேர இருபது வினாடி போதும், அங்கிருந்து அதைக் கிளப்ப ஒரு ஆயுசு போதாது என்று அவள் சொல்லும்போது பின்வரிசையில் தூங்குகிறவளும் நிமிர்ந்து உட்கார்வாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கண்ணுக்கு முன்னால் இருந்தது தெரியாமல் போயிற்று.

அந்த வீட்டில், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற அந்த லயத்தில், ஏன், அந்தத் தோட்டம் முழுக்கவே கெட்ட பழக்கம் என்றால் அதற்குப் புகை வரவேண்டும். பீடி, சிகரெட், சுருட்டு. அம்மா மூக்கம்மாள் வாயில் ஒதுக்கியிருந்தது வெத்தலை. அதற்குள் புகையிலை இருப்பது குழம்புக்குள் உப்பு இருப்பது மாதிரி, யாரும் தனியாகப் பேர் சொல்வதில்லை. காய் எடுக்கிற பெண்கள் ஈரத்தரையில், ஏலச்செடியின் அடியில் குனிந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கக் காலை பத்தரை மணி ஆகிவிடும். அந்த இடைவேளையில் ஒரு சுருக்குப்பை கைமாறும். அதிலிருந்து ஒரு துண்டு எடுக்காதவள் மற்றவர்களை மதிக்காதவள். வாயில் அடக்கினால் குளிர் தெரியாது, பசி தெரியாது. காலில் அட்டை ஏறினால் வாயிலிருந்து ஒரு துளியை விரலில் தொட்டு வைத்தால் போதும், சுருண்டு விழும். காய் எடுக்கிற கூடையைப் போல அதுவும் வேலைக்கு வேண்டிய சாமான். கூடையைப் போய் யார் கெட்ட பழக்கம் என்பார்கள்?

பாடப்புத்தகத்தில் மெல்லுகிற புகையிலை பற்றியும் ஒரு பக்கம் உண்டு. கற்பகம் அதையும் விடாமல் நடத்துவாள். அதில் போட்டிருந்த படம் வடநாட்டுப் பையன் ஒருவன் பளபளப்பான பாக்கெட்டைக் கிழிக்கிற படம். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கிற ஜார்க்கண்ட் பையன்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அம்மா நினைவுக்கு வரவே இல்லை.

போன வருஷம் ஆனி மாதம் மூன்றாம் வருஷப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லயம் லயமாகக் கணக்கெடுப்புக்குப் போனாள். பழக்கவழக்கம் கேட்டு எழுதவேண்டும், வாயைத் திறந்து பார்க்கவேண்டும். பிள்ளைகள் எல்லாரும் மலையாளத்துக்காரர்கள். தமிழ் பேசுகிறவள் ஒருத்திதான், மௌனிகா, கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். அதனால் தன் அம்மா வீட்டை அவளுக்கே ஒதுக்கிவிட்டு, கற்பகம் வாசலில் நின்றுகொண்டாள். மகள் பிள்ளைகளோடு வந்து நிற்கிற பெருமையில் மூக்கம்மாள் புதுச்சேலை கட்டியிருந்தாள்.

"பொகையிலைப் பழக்கம் ஏதாச்சும் இருக்குங்களா அம்மா?"

"அதெல்லாம் நமக்கு இல்ல தாயி. அது இவுக அப்பாவோட போச்சு."

சொல்லும்போதே இடது கன்னம் புடைத்துக்கொண்டிருந்தது. மௌனிகா கன்னத்தைப் பார்த்தாள், பிறகு மிஸ்ஸைப் பார்த்தாள். "இல்லைன்னு எழுதிக்கோ" என்றாள் கற்பகம். மௌனிகா எழுதிக்கொண்டாள். பிறகு வாயை ஒருதரம் காட்டச் சொன்னாள். மூக்கம்மாள் வெளியே போய்த் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, பல் பிடுங்க வந்தவள் மாதிரி ஸ்டூலில் விறைத்து உட்கார்ந்தாள். மௌனிகா டார்ச்சை அடித்தாள். குச்சியால் கன்னத்தை ஒதுக்கி இன்னொருதரம் பார்த்தாள்.

"மிஸ், நீங்க கொஞ்சம் வந்து பாருங்க."

ஈறும் கன்னமும் சேர்கிற இடத்தில், பத்து ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு புண். ஓரம் தடித்து எழும்பியிருந்தது. கற்பகம் கையுறையை மாட்டிக்கொண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். அடியில் கல்லாக இருந்தது.

"வலிக்குதாம்மா?"

"வலிச்சாச் சொல்ல மாட்டனா? தை மாசம் மீன்முள்ளு குத்துச்சு. அதுதான் ஆறாமக் கெடக்கு."

தையிலிருந்து ஆனி வரைக்கும் ஆறாத மீன்முள் உலகத்தில் கிடையாது. கற்பகத்துக்கு அது தெரியும். அந்த ஆறு மாதத்தில் இருபது சனிக்கிழமையாவது அந்த வீட்டுக்கு வந்து, அந்த வாய்க்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள் என்பதும் தெரியும். மௌனிகாவின் கையிலிருந்த தாளை வாங்கி, "இல்லை" என்று எழுதியிருந்ததை அவளே அடித்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் வேகமாக நடந்தன. ஆடி முடிவதற்குள் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். கீழ்த்தாடையில் இடது பாதியை எடுத்தார்கள், நாக்கில் ஒரு பங்கை எடுத்தார்கள், நெஞ்சிலிருந்து சதையை வெட்டி அந்தக் குழியை மூடினார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். லயத்துக்கே அதட்டல் போடுகிற மூக்கம்மாளின் பேச்சு, வாய்க்குள் துணி அடைத்தவள் பேச்சாகிவிட்டது. அதை முழுசாகப் புரிந்துகொள்கிற ஒரே ஆள் கற்பகம். அம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். புருஷன் மஸ்கட்டில், வீட்டில் வேறு யாரும் இல்லை.

கஞ்சியைக் குழாய் வழியாகக் குடிப்பதற்கும், வாய் ஒரு பக்கமாகக் கோணி எச்சில் வழிவதற்கும் மூக்கம்மாள் அழவில்லை. புகையிலை இல்லாததற்கு அழுதாள். மாதக்கணக்கில் அழுதாள். டாக்டர் தோளில் ஒட்டுகிற நிகோட்டின் பட்டை எழுதிக்கொடுத்தார். கற்பகம் தினமும் காலையில் ஒட்டிவிடுவாள். ஒருநாள் மூக்கம்மாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"தோளுக்குக் குடுத்து என்ன செய்ய? வாயில்ல கேக்குது."

பக்கத்துவீட்டு சரஸ்வதியம்மாளிடம் சாடையில் கேட்டுப் பார்த்தாள். அந்த அம்மாவுக்குச் சாடை புரிந்தது, கொடுக்கவில்லை. ஏழு மாதம் ஒரு துணுக்குகூட அவள் வாயில் படவில்லை. இது கற்பகம் பட்ட பாடு, அவளைக் குறை சொல்ல முடியாது.

தை மாதம் கழுத்தில் கட்டி தெரிந்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் கற்பகத்தைத் தனியாகக் கூப்பிட்டு, சிஸ்டர், இனிமேல் வலிக்கு மட்டும் பார்த்துக்கொள்வோம் என்றார். அவள் தலையை ஆட்டினாள். இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை நோயாளியின் வீட்டாரிடம் எப்படிச் சொல்லவேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள்தான். அம்மாவிடம் சொல்லவில்லை. மூக்கம்மாளும் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மாசி கடைசியில், பாடம் நடத்துகிற வாரம் வந்தது. கற்பகம் அப்பாவின் போட்டோவைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மூக்கம்மாள் சொன்னாள்:

"அவரு போட்டோவத்தான் காட்டுவியாக்கும். என்னையக் கூட்டிட்டுப் போயேன். நான் உசுரோட இருக்கனே."

"வேணாம்மா. எல்லாரும் ஒன்னையவே பாப்பாக."

"பாக்கட்டும். பாத்துப் படிக்கட்டும். ஒம் பிள்ளைகதான?"

கற்பகத்துக்கு மனசே இல்லை. ஆனால் அந்த மனுஷி கட்டிலைவிட்டு இறங்கி ஒரு காரியத்துக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லி எத்தனை நாளாயிற்று. தலை வாரி, பூ வைத்துக் கூட்டிப்போனாள்.

நாற்பத்திரண்டு பிள்ளைகள். மூக்கம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தில் கட்டியிருந்த துணியை அவளாகவே அவிழ்த்தாள். முன்வரிசையில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். கற்பகம் அவளை அதட்டவில்லை. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தாள், நோயாளியின் வரலாறு கேட்கிற தாள். பிள்ளைகள் வரிசையாக மலையாளத்தில் கேட்டார்கள். மூக்கம்மாள் தமிழில் சொன்னாள். அந்தக் குழறலிலிருந்து பொறுக்கியெடுத்துக் கற்பகம் மலையாளத்தில் சொன்னாள். எத்தனை வயதில் ஆரம்பித்தது? பதினாறு, கல்யாணமான வருஷம், காய் எடுக்கப் போன முதல் நாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? தூங்குகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம். யாராவது விடச் சொன்னார்களா? யாரும் சொன்னதில்லை.

இந்தப் பதிலைக் கற்பகம் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். யாரும் கவனிக்கவில்லை.

பன்னிரண்டாவது கேள்வியை ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெண் கேட்டாள். புகையிலை உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?

அதுவரை சோர்ந்திருந்த மூக்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். லயத்தில் பத்துப் பேர் கூடினால் சொல்கிற பெருமை அது, சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது.

"கடைப்போயில நான் போட்டதில்ல. எம் மக நர்சு வேலைக்குப் போன நாள்ல இருந்து அவதான் வாங்கியாருவா. மாசம் தப்பாது. போடிமெட்டு எறங்கி, போடியில நல்ல எலையாப் பாத்து வாங்கியாருவா. மொத சம்பளத்துல எனக்கு எவர்சில்வர்ல வெத்தலப்பெட்டி எடுத்துக் குடுத்தா."

நாற்பத்திரண்டு பேனா காத்திருந்தது.

"லயத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்குவார்களாம்" என்றாள் மலையாளத்தில்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மூக்கம்மாள் ஐம்பது வருஷமாக இடுக்கியில் இருக்கிறவள். மேஸ்திரியோடு சண்டை போட்டது மலையாளத்தில், ரேஷன் கடையில் நியாயம் கேட்டது மலையாளத்தில். பேசத்தான் அவளுக்கு நாக்கு இல்லை, காதில் ஒரு குறையும் கிடையாது.

மூக்கம்மாள் மகளை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வந்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, பாதி நாக்கைப் புரட்டி, எல்லாருக்கும் புரியவேண்டும் என்று மலையாளத்திலேயே சொன்னாள்.

"அதே. கடை. கடை." ஆமாம் என்று தலையையும் ஆட்டினாள்.

பேனாக்கள் எழுதின. மூன்றாவது வரிசையில், தமிழ் தெரிந்த மௌனிகாவின் பேனா மட்டும் தாளின்மேல் அப்படியே நின்றது. கற்பகம் அதைப் பார்த்தாள். அம்மாவுக்குக் களைப்பாக இருக்கிறது, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டாள். தாளை எல்லாம் வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினார்கள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று கற்பகத்துக்குத் தோன்றியது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முக்கு திரும்பியதும் மூக்கம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"நீ சொன்னதுக்குத் தலையாட்டுனேன்ல?"

"ஆமாம்மா."

"ஒன்னைய விட்டுக் குடுக்கலைல?"

"இல்லம்மா."

"அப்ப ஒரு துண்டு வாங்கிக் குடு தாயி. மெல்ல மாட்டேன். சும்மா ஒதுக்கி வச்சுக்கிறேன்."

கற்பகம் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கண் அவள் முகத்தில் இல்லை, சாலையோரத்துப் பெட்டிக்கடையில் இருந்தது. தனக்கு இல்லாமல் மகளுக்குச் சோறு போட்டவள், கிழிந்த சேலையோடு தீபாவளியைக் கழித்துவிட்டு மகளுக்குப் பாவாடை எடுத்தவள், இத்தனை வயதில் மகளிடம் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியதே இல்லை. இப்போது பேரம் பேசியது அம்மா இல்லை என்று கற்பகத்துக்குத் தெரியும். யார் பேசியது என்பதைத்தான் அவள் பதினான்கு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டு வந்திருக்கிறாள். தெரிந்து என்ன ஆகப்போகிறது, கையைப் பிடித்திருந்தது அம்மாவின் கைதானே.

டிரைவரிடம் ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரி அவள் தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள். நாற்பத்தொரு தாளில் பன்னிரண்டாவது கேள்விக்கு நேராகக் கடை என்று அழகாக எழுதியிருந்தது. மௌனிகாவின் தாளில் அந்த இடம் வெறுமனே இருந்தது. பொய் எழுத அந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லை, உண்மையை எழுதி மிஸ்ஸைக் காட்டிக்கொடுக்கவும் வரவில்லை. கற்பகம் அந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளறையில் மூக்கம்மாள் பல மாதத்துக்குப் பிறகு முனகாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வகுப்பில் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பாவின் போட்டோவைக் கொண்டுவரவில்லை.

"பன்னிரண்டாவது கேள்விக்கு எழுதியிருப்பதை அடியுங்கள்" என்றாள் மலையாளத்தில். "மகள் என்று எழுதுங்கள்."

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஒருத்தி, எந்த மகள் என்று கேட்டாள்.

"அவர்களுக்கு ஒரே மகள். நான்தான். நேற்று அம்மா சரியாகத்தான் சொன்னார்கள், நான்தான் மாற்றிச் சொன்னேன். அம்மாவும் எனக்காகத் தலையாட்டினார்கள். இருபத்தொரு வருஷம் மாசம் தவறாமல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பாடத்தை நடத்திய பதினான்கு வருஷமும் அதற்குள் அடக்கம். வியாழக்கிழமை உங்கள் சீனியர்களுக்கு நடத்துவேன். சனிக்கிழமை அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்."

யாரும் எழுதவில்லை. எழுதுங்கள் என்று மறுபடியும் சொன்னாள். அப்புறம்தான் எழுதினார்கள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதுவிடக் கூடாது என்று இருந்தாள், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்காவது ஏதாவது கேட்கவேண்டுமா என்றாள்.

மூன்றாவது வரிசையில் மௌனிகா எழுந்து நின்றாள். தமிழில்தான் பேசினாள்.

"நேத்து பன்னெண்டோட நிறுத்திட்டோமுங்க மிஸ். பதிமூணாவது ஒண்ணு பாக்கி இருக்குதுங்க."

"கேளு."

"கடைசியா அவங்க எப்பங்க போட்டாங்க?" கேட்டுவிட்டு, மிஸ்ஸுக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்தோ என்னவோ, அவளே பதிலையும் எடுத்துக் கொடுத்தாள். "ஆபரேசனுக்கு முன்னாடின்னு எழுதிக்கட்டுங்களா?"

தலையாட்டினால் போதும். ஏழு மாதம் நிறுத்தி வைத்த பெருமையாவது தாளில் மிஞ்சும். கற்பகம் தலையாட்டவில்லை.

"நேத்து சாயங்காலம்" என்றாள். "நான்தான் வாங்கிக் குடுத்தேன். புண்ணுல பட்டு எரிஞ்சு கண்ணுல தண்ணியாக் கொட்டுச்சு. துப்பும்மான்னு கையை ஏந்திக்கிட்டு நின்னேன். துப்பல."